அமலியின் கதவுப் புத்தகம்

காலையில் பல் துலக்கிக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது என் வழக்கம். அதற்காகக் குளியலறையை விட்டு நகர வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி ஜெனிட்டாவின் ஆரஞ்சுச் சுடர் அடுப்பருகே நின்று தோசையைத் திருப்பும். அதற்கும் அப்பால் எங்கள் மூன்று வயது மகள் அமலியின் மஞ்சள் சுடர் கட்டிலில் குப்புறக் கிடக்கும். ஃப்ரிட்ஜில் முட்டை இரண்டுதான் இருக்கிறது, என் வலது கால் செருப்பு சோபாவுக்கு அடியில் போயிருக்கிறது, பால்காரர் மாடிப்படி ஏறுகிறார். எல்லாம் வாயில் நுரையோடு நின்றபடியே தெரிந்துவிடும். எங்கள் ஊரில் யாரும் எதையும் தேடுவதில்லை.

சுடர் என்றால் முகமோ மேனியோ தெரியாது. ஆள் வடிவில் ஒரு நிறம், அவ்வளவுதான். ஆகவே யாரும் கூச்சப்படத் தேவையில்லை. கண்ணில் போட்டிருக்கும் ஊடுவில்லை, சுவர்களில் பதித்த சுவர்க்கண், பொருள்களில் ஒட்டிய கடுகளவு குறிச்சில்லு, மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. சுவர்க்கண் ஆளையும் விலங்கையும் காட்டும், குறிச்சில்லு பொருளைக் காட்டும். பிள்ளைகளுக்கு முதல் பிறந்தநாளன்று தடுப்பூசியோடு வில்லையையும் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வயது வரை அதை அணைக்க முடியாது. பெரியவர்கள் இரண்டு கண்ணையும் மூடி, இமைமேல் விரல்களை வைத்து ஐந்து எண்ணினால் அணையும். இப்படி ஒரு வசதி இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. நான் கடைசியாக அணைத்துப் பத்து வருஷம் இருக்கும்.

என் பெயர் எட்வின். தூத்துக்குடியில் மறைவகற்றும் பிரிவில் கள ஆய்வாளர் வேலை. ஊரில் எங்கே வில்லைக்கு எட்டாத மூலை இருக்கிறதோ அங்கே போய், சுவர்க்கண் பதித்தோ சில்லு ஒட்டியோ அதைத் தெளிவாக்குவேன். பாலத்துக்கு அடி, உப்புக் குவியலின் முதுகுப்பக்கம், இடிந்த சரக்குக் கிட்டங்கி, இப்படி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுருள் சில்லு இருக்கும். இந்த வேலையைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. முன்பு ஆழ்துளைக் கிணற்றில் பிள்ளைகள் விழுந்து, ஊரே விளிம்பில் நின்று அழுத காலம் இருந்தது. பயிற்சியின் முதல் நாளே எங்களுக்கு அந்தப் படங்களைக் காட்டினார்கள். எங்கள் ஊரில் கடைசியாக ஒரு பிள்ளை காணாமல் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

பிள்ளைகளுக்கு இதில் பெரிய வசதி. ஜெனிட்டா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறாள். அமலி மழலையர் காப்பகத்தில் இருந்தாலும், ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு விரல் உயரத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் அம்மா நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்த்துக் கையசைப்பாள். மதியச் சோற்றை அந்தத் திசை பார்த்துத்தான் சாப்பிடுவாள். அம்மா போய்விட்டாள் என்று அவள் ஒரு நாளும் அழுததில்லை. அம்மா எங்கேயும் போனதே இல்லை.

மார்ச் மாதம் ஜெனிட்டாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கெட்ட கட்டிதான். ஆனால் மருந்து இருந்தது. கதிர்மருந்து ஒரு குவளை குடித்துவிட்டு, ஈயச் சுவர் வைத்த அறையில் பதினோரு நாள் தனியாக இருக்க வேண்டும். அந்த நாள்களில் அவள் உடம்பிலிருந்தே கதிர் வீசும் என்பதால் யாரும் உள்ளே போக முடியாது. கேமராவோ சுவர்க்கண்ணோ அந்த அறையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கம்பி வழியாகப் பேசும் பழைய தொலைபேசி ஒன்று மட்டும் உண்டு. ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். தள்ளிப்போட வழியில்லை, கட்டி அதற்கு மேல் காத்திருக்காது என்றார் மருத்துவர்.

பதினோரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்களைப் பகவதியிடம் அனுப்பினார்கள். அதே மருத்துவமனையில் விளையாட்டுச் சிகிச்சையாளர், முப்பது வயதுக்குள் இருக்கும். வந்ததும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, முதல் கேள்வியே கொஞ்சம் ஏடாகூடமாகக் கேட்டாள்.

"பாப்பா யாராவது அணைஞ்சதப் பாத்திருக்காளா?"

பிள்ளைகள் சாவை அப்படித்தான் சொல்லும். போன வருஷம் கீழ்வீட்டு நாய் ராக்கி செத்தபோது அதன் பழுப்புச் சுடர் அமலியின் கண்ணெதிரில் மங்கி அணைந்தது. "ராக்கி அணைஞ்சிட்டு" என்று அவள் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னேன்.

பகவதி தலையாட்டினாள். ஈயக் கதவு மூடியதும் ஜெனிட்டாவின் சுடரும் அப்படித்தான் அணையும் என்றாள். கண்ணுக்குத் தெரியாமலும் ஓர் ஆள் இருக்க முடியும் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை. போன வருஷம் ஒரு பையன், மூன்று வயது. அம்மா உள்ளே போன இரண்டாம் நாள் பேச்சை நிறுத்தினான். பன்னிரண்டாம் நாள் அவள் வெளியே வந்து கையை நீட்டினாள். அவன் அவளை யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அம்மா செத்துப்போயிருந்தாள், வந்தவள் வேறு யாரோ. அவனைத் திருப்பிக் கொண்டுவர எட்டு மாதம் ஆயிற்று.

ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பகவதி ஒரு புத்தகம் கொடுத்தாள். கெட்டி அட்டை, ஐந்தே பக்கம், சில்லு எதுவும் ஒட்டாதது. மருத்துவமனைக்கு மட்டும் அதற்கு அனுமதி உண்டாம். முதல் பக்கத்தில் அரிசி ட்ரம். அதன்மேல் விரலை வைத்துத் தூக்கினால் ட்ரம் ஒரு கதவு மாதிரித் திறந்தது, பின்னால் பூனை. அடுத்தது மீன் கூடை, அதற்கு அடியில் நண்டு. கொடியில் தொங்கும் சேலைக்குப் பின்னால் ஆடு. குடைக்குப் பின்னால் தவளை. கடைசிப் பக்கத்தில் ஒரு நீலக் கதவு. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை. அங்கே அம்மாவின் படத்தை நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

சொல்லிக்கொடுக்கும் முறையையும் விளக்கினாள். கதவை நாம் திறக்கக் கூடாது. 'பின்னாடி யாரு?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளையின் பெருவிரல் விளிம்பைக் கண்டுபிடிக்க நேரமாகும், ஆகட்டும். திறந்ததும் எல்லோரும் சேர்ந்து 'இருக்கே!' என்று சொல்ல வேண்டும். மூடும்போது டாட்டா காட்ட வேண்டும். ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் சலிக்காமல் காட்ட வேண்டும். கிழித்தால் திட்டக் கூடாது, அவள் பார்க்கும்போதே ஒட்ட வேண்டும்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். அமலி ஜெனிட்டாவின் மடியில், புத்தகம் அமலியின் மடியில். "பின்னாடி யாரு?" என்று கேட்டாள் ஜெனிட்டா. அமலி ட்ரம்மைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ட்ரம்முக்குப் பின்னால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை. அவளைப் பொறுத்தவரை கேள்வியே அபத்தம். ஜெனிட்டா பொறுமை இழந்து திறந்து காட்டினாள். பூனையைக் கண்டதும் பிள்ளைக்குச் சிரிப்பு. மூடியதும் சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது. பூனை அணைந்துவிட்டது. நண்டு அணைந்தது, ஆடு அணைந்தது. ஐந்து நிமிஷத்தில் அவள் அழுத அழுகையைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

நான்கு நாள் இப்படியே. புத்தகத்தைக் கண்டாலே ஓடினாள். ஐந்தாம் நாள் ஜெனிட்டா ஸ்கேனுக்குப் போயிருந்தாள். அமலி மூடிய ட்ரம்மைத் தட்டித் தட்டி, "பூனை, பூனை" என்று ஏங்கி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பழக்கதோஷம் என்று சொல்லலாம், பாசம் என்றும் சொல்லலாம். பூனைக்கு ஒரு சில்லு, நண்டுக்கு ஒன்று, ஆட்டுக்கு, தவளைக்கு. எது என்ன என்று சில்லில் பதிந்து ஒட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ட்ரம்முக்கு ஊடாகப் பூனை மங்கலாகத் தெரிந்தது. அமலி அழுகையை நிறுத்தி, பெருவிரலை விளிம்பில் கொடுத்துத் திறந்தாள். "இருக்கே!" என்றாள்.

ஜெனிட்டா வந்ததும் அவள் திறந்து காட்டினாள். ஜெனிட்டா அழுதுவிட்டாள். சில்லைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை. பிறகு சொல்லலாம், மெதுவாகச் சில்லை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். படத்துக்கு நடுவில் புள்ளி மாதிரி இருந்த சில்லை அவள் கவனிக்கவில்லை. வில்லையில் தெரிகிற எதையும் நாங்கள் யாரும் ஏன் தெரிகிறது என்று கேட்பதில்லையே. மூன்று வாரம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். நீலக் கதவுக்குப் பின்னால் ஜெனிட்டாவின் படத்தை ஒட்டினோம். அவள் அந்தப் பக்கம் போனதும் அதற்கும் ஒரு சில்லு வைத்தேன்.

தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒத்திகை வைத்தார்கள். ஜெனிட்டா ஈய அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு மூன்று நிமிஷம் இருந்துவிட்டு வர வேண்டும். பகவதி, நான், அமலி வெளியே. கதவு மூடியது. ஆரஞ்சுச் சுடர் பட்டென்று அணைந்தது.

அமலி அழவில்லை. அழுதிருந்தால் எவ்வளவோ தேவலை. கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். உள்ளிருந்து தொலைபேசியில் ஜெனிட்டா, "அமலி, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். உருவமில்லாத அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துத் தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மா அணைஞ்சிட்டா."

மூன்று நிமிஷம் முடிந்து ஜெனிட்டா வெளியே ஓடிவந்தாள். அமலி அவளிடம் போகவில்லை. என் காலுக்குப் பின்னால் ஒதுங்கி, வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் மடியில் உட்கார்ந்தாள், அதுவும் பட்டும் படாமலும்.

பகவதி புத்தகத்தை வாங்கி ட்ரம்மைத் திறந்து, பூனைமேல் விரலால் தடவினாள். கடுகளவுச் சில்லு விரலில் தட்டியது. அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அமலியைத் தூங்கவைத்துவிட்டு ஜெனிட்டா என் எதிரில் வந்து நின்றாள்.

"ஊர்ல ஓட்டை அடைக்கது போதாதுன்னு வீட்லயும் அடைச்சீங்களா?"

"அவ அழுதா. பாக்க முடியல."

"நான் மூணு நிமிஷத்துல செத்துப்போனேங்க அவளுக்கு. பதினோரு நாள் கழிச்சு நான் யாரு?"

மூன்று வாரத்தை நான் வீணாக்கியிருந்தேன். இன்னும் பத்து நாள் இருந்தது.

மறுநாள் மதியம் அமலியை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சில்லுகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ட்ரம்மை மூடினேன். பூனை தெரியவில்லை. வந்ததே கோபம், ட்ரம்மைப் பிடித்து இழுத்தாள், அட்டை கையோடு வந்துவிட்டது. பூனை வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தது. இவள் கையில் கிழிந்த ட்ரம்.

திட்டக் கூடாது என்று பகவதி சொல்லியிருந்ததால் நான் டேப் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அமலி ட்ரம்மைப் பூனைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள். பூனை. வைத்தாள். எடுத்தாள். பூனை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏழெட்டு முறைக்குப் பின் ட்ரம்மை வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, தனக்குத்தானே மெதுவாகச் சொன்னாள்.

"உள்ள இருக்கு."

நாங்கள் எல்லோரும் திறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அவளோ மூடித்தான் கற்றுக்கொண்டாள். தானே மறைத்ததென்றால் அது எங்கும் போகவில்லை என்பது தனக்குத் தெரியுமல்லவா? பகவதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், "அப்போ எல்லாத்தையும் அவளே மூடட்டும்ணே" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. அமலி பால் டம்ளரைத் துண்டால் மூடினாள், என் செருப்பை வாளிக்கு அடியில் வைத்தாள், ஜெனிட்டாவின் சீப்பைச் சாக்ஸுக்குள் செருகினாள். ஆனால் எல்லாவற்றிலும் சில்லு இருந்ததே. துண்டுக்கு ஊடாக டம்ளர் பல்லிளித்தது. "தெரியுது, தெரியுது" என்று அவள் காலை உதைத்தாள். வேறு வழி? டம்ளரின் சில்லைச் சுரண்டினேன், செருப்பின் சில்லை, சீப்பின் சில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மூன்றாம் நாள் காலையில் தலையைச் சோபாவுக்குப் பின்னால் நுழைத்து, சீப்பு எங்கே என்று நானே தரையில் தவழ்ந்தேன்.

எங்கள் பிரிவிலிருந்து அறிவிப்பு வந்தது: தங்கள் இல்லத்தில் ஏழு மறைவிடங்கள் கண்டறியப்பட்டுள்ளன, இரண்டு நாள்களில் கள ஆய்வு நடைபெறும். ஆய்வாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரே இருந்தது. எங்கள் தெரு என் எல்லைக்குள் வருகிறது. குறித்த நாளில் சீருடை போட்டுக்கொண்டு கூடத்தில் நின்று ஆய்வு செய்தேன். 'பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெனிட்டா அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சேர்க்கை நாள் வந்தது. ஈய அறையின் கதவு கனமானது, ஆனால் மோட்டார் உண்டு. பிள்ளை கை வைத்தாலும் நகரும். பகவதி அதற்கு அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஜெனிட்டா உள்ளே போய் நின்று, குனிந்து, "அம்மாவ மூடுதியா?" என்று கேட்டாள். அமலி இரண்டு கையையும் கதவில் வைத்துத் தள்ளினாள். கதவு நகர்ந்தது. இடுக்கில் ஜெனிட்டாவின் முகம் குறுகிக் குறுகிப் போயிற்று. டாட்டா காட்டினாள், இவளும் காட்டினாள். கதவு பொருந்தியது. ஆரஞ்சு அணைந்தது.

அமலி உள்ளங்கையைக் கதவில் வைத்து அப்படியே நின்றாள். நான் காத்திருந்தேன்.

"உள்ள இருக்கா" என்றாள்.

பதினோரு நாளும் அப்படியே நல்லபடியாகப் போயிற்று என்று சொன்னால் பொய். காலையில் எழுந்ததும் நீலக் கதவைத் திறப்பாள், அம்மாவின் படத்தைப் பார்ப்பாள், 'இருக்கே' என்று சொல்லி மூடுவாள். பிறகு சாப்பிடுவாள், காப்பகம் போவாள். ஆறாம் நாள் திறந்து மூடிவிட்டு, மருத்துவமனையின் பெரிய கதவை ஏன் திறக்கவில்லை என்று கேட்டாள். உள்ளே மருந்து இருக்கிறது, தீர்ந்ததும் அம்மாவே திறப்பாள் என்றேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. புத்தகத்தை வீசினாள், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஏழாம் நாளும் அரைகுறைதான். அந்த மூன்று வயதுப் பையனை நினைத்து நான் பயந்துபோனேன். எட்டாம் நாள் வீசிய இடத்திலிருந்து அவளே புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் உட்கார்ந்தாள். அம்மா கதவின் ஓரத்தில் ஒரு கிழிசல். ஒட்டச் சொன்னாள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில், ஒத்திகையின் அந்த மூன்று நிமிஷம் தவிர, ஜெனிட்டாவின் சுடர் என் பார்வையை விட்டு ஒரு நிமிஷமும் நீங்கியதில்லை. பல் துலக்கும்போது அடுப்பருகே வெறும் இருட்டு. சாயங்காலம் தொலைபேசியில் பேசுகிறோம், நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனாலும் போனை வைத்ததும், அவள் நிஜமாகவே இருக்கிறாளா என்று ஒரு சந்தேகம் வந்து நெஞ்சைப் பிடிக்கும். நாற்பது வயதுக்காரனுக்கு வரக்கூடிய சந்தேகமா இது? அமலி இரவில் தூங்கியபின் நான் நீலக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒரு முறை இல்லை, பல முறை.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு நாலு கிலோமீட்டர் தொலைவில் ஆரஞ்சு எரிந்தது. மருத்துவமனை வண்டியிலேயே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அமலியும் பார்த்தாள். கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. சுடர் பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்கள் தெரு, எங்கள் வாசல், படி. அவள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, விறுவிறுவென்று போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டாள்.

பயந்து ஒளிகிறாள், வருகிறவள் யாரோ என்று நினைக்கிறாள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஜெனிட்டா உள்ளே வந்தாள், இளைத்திருந்தாள். கட்டில் விரிப்பு தரை வரை தொங்கியது. அதற்குப் பின்னால் மஞ்சள் சுடர் குந்தியிருப்பது எங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது. ஜெனிட்டாவின் கண் நிறைந்தது. "என்னைக் கண்டு ஓடுதாளே" என்றாள் மெல்ல. ஓரடி வைத்தவள் அப்படியே நின்றாள். நானும் அப்போதுதான் கவனித்தேன். அந்தச் சுடரின் இரண்டு கையும் வாயைப் பொத்தியிருந்தன. தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒளியவில்லை, தன்னையே மூடிவைத்திருந்தாள். நாங்கள் திறக்க வேண்டும்.

ஜெனிட்டாவுக்கு என்னைவிட வேகமாகப் புரிந்தது. இப்படி எல்லாம் தெரிந்துகொண்டு போய் விரிப்பைத் தூக்கினால் அது ஏமாற்று. நான் புத்தகத்தில் செய்த அதே ஏமாற்று. அவள் கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கண்ணையும் மூடி, இமைமேல் விரல்களை வைத்தாள். "ஒண்ணு" என்றாள் உரக்க. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைப் பொத்தினேன். இரண்டு, மூன்று, நான்கு. குட்டிக் கால்கள் எங்கோ ஓடும் சத்தம் கேட்டது. ஐந்து.

கண்ணைத் திறந்தபோது சுவர் வெறும் சுவராக இருந்தது. வெளிர் பச்சை வண்ணம், ஆணி அடித்த தழும்பு. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "அமலி எங்க?" என்றாள் ஜெனிட்டா. அவளுக்கும் தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், இல்லை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், குளியலறையில், கதவு மறைவில், இல்லை. மொட்டைமாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன், சாத்தியிருந்தது. ஜெனிட்டா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பதில் இல்லை. இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். பத்தொன்பது வருஷமாக ஊரில் யாருக்கும் வராத அந்தப் பயம் எனக்கு வந்தது. வில்லையை ஏற்றிவிடலாமா என்று விரல் கண்ணருகே போனது. ஜெனிட்டா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

துவைக்கும் துணிக் கூடையில், மேலே கிடந்த நீலத் துண்டு லேசாக அசைந்தது.

ஜெனிட்டா கூடைக்கு முன்னால் மண்டியிட்டாள். "பின்னாடி யாரு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள், பகவதி சொன்னதுபோல. பிறகு பெருவிரலைத் துண்டின் விளிம்பில் கொடுத்துத் தூக்கினாள்.

'இருக்கே' என்று சொல்லத்தான் நாங்கள் இருவரும் வாயைத் திறந்தோம். அதற்குள் அமலி கையை நீட்டி ஜெனிட்டாவின் கன்னத்தைத் தொட்டாள். கழுத்தில் கட்டி இருந்த இடத்தைத் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா இருக்கா" என்று எனக்குச் சொன்னாள்.